பழைய மியாற்றாவும் கனடிய மாரியும்: வாசகர் கேள்வி பதில்

இலை உதிரத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடும். இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைத்தான் கேட்கின்றன: பின்சில்லில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை (பெரும்பாலும் துணிக்கூரையுள்ள இரு இருக்கை மஸ்டா மியாற்றாவை) மாரியிலும் ஓட்டலாமா? ஓட்டலாம். சரியான ரயர் போட்டால் பனி பெரிய சிக்கலாக இராது. இந்தக் கார்களைத் தின்று முடிப்பது உப்பு. அதனால் உப்பைப் பற்றிய பதிலைச் சற்று நீட்டியே எழுதியிருக்கிறோம்.

ஸ்காபரோ வாசகர்: என்னுடையது 1996 மஸ்டா மியாற்றா. 1.8 லீற்றர் எஞ்சின், ஐந்து கியர், ஏபிஎஸ் (சில்லு பூட்டாமல் தடுக்கும் பிறேக்) இல்லை. மாரியில் வேலைக்கும் இதிலேயே போக நினைக்கிறேன். தள்ளுவது பின்சில்லுத்தானே, பின்னுக்கு இரண்டு விண்டர் ரயர் போட்டால் போதும் என்கிறார்கள். சரியா? என்ன அளவு வாங்கவேண்டும்?

போதாது. நான்கும் விண்டர் ரயராக இருக்கவேண்டும். பின்னுக்கு மட்டும் போட்டால் கார் நன்றாகக் கிளம்பும், அதை நம்பி வேகம் எடுப்பீர்கள். ஆனால் பிறேக்கின் பெரும்பங்கைச் செய்வதும் திருப்புவதும் முன்சில்லுகள். அவை கோடைக்கால ரயரில் நின்றால், சந்தியில் ஸ்ரியரிங்கை எவ்வளவு வெட்டினாலும் கார் நேரே போகும். முன்னுக்கு மட்டும் போடுவது இதைவிட மோசம்: பிறேக் பிடித்த மாத்திரத்தில் பின்பக்கம் முன்னுக்கு வந்துவிடும்.

வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் கோடை ரயரின் றப்பர் இறுகத் தொடங்குகிறது. பனி விழாத உலர்ந்த தெருவிலும் பிடி குறையும். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கென்று வரும் அதிவேகக் கோடை ரயர்களைக் கடுங்குளிரில் உருட்டினால் றப்பரே வெடித்துப் பிளக்கலாம். பக்கச்சுவரில் எம்+எஸ் (சேறும் பனியும்) என்று இருந்தால் போதுமென்று நினைக்கவேண்டாம். அது பட்டனின், அதாவது ரயர் தெருவைத் தொடும் மேற்பரப்பின், வெட்டு அமைப்பை மட்டும் குறிக்கும். மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்படிகமும் பொறித்த சின்னத்தைத் தேடுங்கள். பனியில் சோதித்துத் தேறிய ரயருக்குத்தான் அது கிடைக்கும். வாங்கும்போது பக்கச்சுவரிலுள்ள தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 3823 என்றால் 2023ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். பாவித்த ரயர் மலிவாகக் கிடைத்தாலும் ஆறு வயது தாண்டியதை எடுக்கவேண்டாம். பட்டன் உயரமாக இருந்தாலும் றப்பர் இறுகியிருக்கும். வெட்டின் ஆழம் 4 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் அந்த ரயர் பனிக்கு உதவாது, ஒன்ராறியோச் சட்டம் 1.5 மில்லிமீற்றர்வரை விட்டாலும்.

உங்கள் காருக்குத் தொழிற்சாலை அளவான 185/60ஆர்14 (அகலம் 185 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 60 வீதம், றிம் 14 அங்குலம்) மிகப் பொருத்தம். அழகுக்காக 205 அகலத்துக்குப் போகவேண்டாம். ஒடுங்கிய ரயர் குழைபனியை வெட்டிக்கொண்டு அடியிலுள்ள தெருவைத் தொடும். அகன்றது மேலே மிதக்கும். ஒரு தொன் அளவே நிறையுள்ள காரில் இந்த வித்தியாசம் கையில் தெரியும்.

றிம் தனியாக ஒரு செற் வைத்துக்கொள்ளுங்கள். 14 அங்குலம், 5.5 அல்லது 6 அகலம், ஓட்டை அமைப்பு 4×100 (100 மில்லிமீற்றர் வட்டத்தில் நான்கு ஓட்டை), நடுத்துளை 54.1 மில்லிமீற்றர், ஓஃப்செற் (றிம்மின் நடுக்கோட்டிலிருந்து பூட்டும் முகம் தள்ளியிருக்கும் தூரம்) 45 மில்லிமீற்றருக்குக் கிட்ட. பழைய ஹொண்டா சிவிக்கின் றிம்மும் 4×100தான். ஆனால் அதன் நடுத்துளை 56.1 என்பதால் இடையில் வளையம் போடவேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஹொண்டாவின் அசல் றிம்முக்கு அடி உருண்டையான நட், மஸ்டாவினது 60 பாகைக் கூம்பு நட், எம்12×1.5. மாறிப் போட்டால் இறுகியதுபோலத் தெரியும், ஓட ஓடக் கழன்றுவிடும்.

சில்லைக் கழற்றியதும் அது பொருந்தும் ஹப்பின் முகத்திலுள்ள கறளைக் கம்பித்தூரிகையால் தேய்த்து எடுத்து, ஒட்டாமல் தடுக்கும் கிறீஸை அந்த முகத்தில் மெல்லியதாகப் பூசுங்கள். ஆணியின் புரியில் பூசக்கூடாது. வழுக்கும் புரியில் அதே முறுக்கு ஆணியை அளவுக்கு மீறி இழுத்துவிடும். நட்டுகளை எதிரெதிராக, 108 நியூட்டன்மீற்றரில், அதாவது 80 அடி-இறாத்தலில் இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடியபின் மீண்டும் பாருங்கள்.

காற்று: இந்தக் காருக்கு 26 பிஎஸ்ஐ. சூடான கராஜில் 20 பாகையில் 26 வைத்துவிட்டு −15 பாகையில் வெளியே வந்தால் ரயருக்குள் 21தான் இருக்கும். அதனால் இரவு முழுக்க வெளியே நின்ற காரில், ஓட முன்னர் அளந்து நிரப்புங்கள்.

ஒரு சிறு இலாபமும் உண்டு. நான்கும் விண்டர் ரயராக இருந்தால் கழிவு தரவேண்டும் என்பது 2016 தொடக்கம் ஒன்ராறியோக் காப்புறுதி நிறுவனங்களுக்கு விதி. இரசீதோடு கேளுங்கள்.

மார்க்கம் வாசகர்: 2002 மியாற்றா, 205/45ஆர்16 ரயர். 14 அங்குல றிம்முக்கு இறங்கலாமா?

உங்களுடையதில் பெரிய பிறேக் இருந்தால் 14 அங்குலம் ஏறாது, கலிப்பரில் (பிறேக் பாட்டை அழுத்தும் பகுதியில்) முட்டும். 15க்கு இறங்குங்கள். 205/45ஆர்16இன் மொத்த விட்டம் 591 மில்லிமீற்றர். 195/50ஆர்15 என்றால் 576, 195/55ஆர்15 என்றால் 595 அல்லது 596, 185/55ஆர்15 என்றால் 584. எந்த ஒன்றும் வேகமானியைப் பெரிதாகக் குழப்பாது. எங்கள் தெரிவு 195/55. விண்டர் ரயரில் எளிதாகக் கிடைக்கும், உங்கள் இப்போதைய ரயரைவிட ஒன்றரை சென்ரிமீற்றர் உயரமான பக்கச்சுவர் குழிகளில் றிம்மையும் காக்கும். காசு கொடுக்க முன்னர் வெறும் றிம்மை ஒருமுறை மாட்டி, கையால் சுற்றிப் பாருங்கள்.

பிராம்டன் வாசகர்: டிக்கியில் மணல்மூட்டை போட்டால் பின்சில்லுக்குப் பிடி கூடுமல்லவா? எத்தனை கிலோ போடலாம்?

முன்னுக்குப் பாரமும் பின்னுக்கு வெறுமையுமாக இருக்கும் பிக்கப் வண்டிகளுக்கு வந்த பழக்கம் இது. மியாற்றாவின் நிறை முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய சமமாகவே பிரிந்திருக்கிறது. அதன் டிக்கியோ பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரு அச்சுக்கும் இடைத்தூரம் 2265 மில்லிமீற்றர். 60 கிலோ மூட்டையைப் பின் அச்சிலிருந்து 60 சென்ரிமீற்றர் பின்னுக்கு வைத்தால், பின்சில்லுகளில் கூடுவது 76 கிலோ. அந்த மேலதிக 16 கிலோ முன்சில்லுகளிலிருந்து வந்தது. கிளம்பும்போது கிடைத்ததைத் திருப்பும்போதும் நிறுத்தும்போதும் இழக்கிறீர்கள். வால் பக்கம் சுழலத் தொடங்கினால் அந்த மூட்டையே அதை இன்னும் இழுத்துக்கொண்டு போகும்.

போடத்தான் வேண்டுமென்றால் 30 கிலோவுக்கு மேல் வேண்டாம். டிக்கியின் முன்சுவரோடு அணைத்து, நகராமல் பட்டியால் கட்டுங்கள். ஈரம் ஏறாத பையாக இருக்கவேண்டும். நனைந்த மணல் உறைந்தால் கல்தான், சிக்கிக்கொண்ட நேரத்தில் சில்லுக்கடியில் தூவ ஒரு பிடியும் வராது. எங்களைக் கேட்டால், அந்தக் காசை ரயரில் போட்டு, ஒரு சிறு சவலும் ஐந்து கிலோ மணலும் மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வோம்.

ஏஜக்ஸ் வாசகர்: 1997 மியாற்றா. பின்சில்லு வளைவுக்கு முன்னால், கதவுக்குக் கீழே பெயின்ற் சிறிதாகக் குமிழ்விட்டிருக்கிறது. மற்றப்படி கார் சுத்தம். அடிக்குக் கறுப்புப் பூச்சு அடித்தால் மாரியைத் தாண்டுமா?

அந்த இடத்தில் பெயின்ற் குமிழ்விட்டால் கறள் உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது என்று பொருள். ஸ்க்றூட்றைவரின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் வந்தால் தகடு இன்னும் இருக்கிறது. மொத்தென்று கேட்டால் அல்லது உள்ளே அமுங்கினால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டவேண்டும். மாரிக்கு முன்னரே செய்யுங்கள். பசை நிரப்பி மூடினால் உள்ளே ஈரம் தங்கி, வசந்தத்தில் கை நுழையும் ஓட்டையாக நிற்கும். கறுப்புப் பூச்சிலும் இதே ஆபத்துத்தான். கறளின்மேல் அடித்தால் அது காய்ந்து வெடிக்கும், வெடிப்புக்குள் உப்புநீர் போகும், வெளியே பார்க்க எல்லாம் நன்றாகத் தெரியும்.

அந்த இடம் ஏன் உக்குகிறது? கூரைத் துணியில் விழும் தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள ஒரு தவாளியில் சேர்ந்து, இரு பக்கமும் ஒவ்வொரு குழாயால் கீழே இறங்கி, பின்சில்லுக்குச் சற்று முன்னால் வெளியேறவேண்டும். இலையும் தூசியும் குழாயை அடைத்தால் தண்ணீர் நிரம்பி, கதவின் கீழுள்ள பெட்டிச்சட்டத்துக்குள்ளும் கம்பளத்துக்கடியிலும் போகிறது. சோதிப்பது எளிது. சீற் பெல்ற் கோபுரத்துக்குப் பின்னால் கம்பளத்தை விலக்கி, குழாயின் வாயில் ஒரு லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் காருக்கடியில் பார்க்கவேண்டும். விரல் தடிப்பில் ஒழுங்காக ஓடினால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. புல்வெட்டியில் போடும் நைலோன் கயிறை ஒரு மீற்றர் வெட்டி, நுனியை நெருப்பில் காட்டி உருட்டிக்கொண்டு, மேலிருந்து சுழற்றிச் சுழற்றி விடுங்கள். கோற் ஹாங்கர் கம்பியை விட்டால் குழாய் கிழியும். கொம்பிறசர் காற்றை முழு அமுக்கத்தில் அடித்தால் குழாய் உள்ளே கழன்று, பிறகு எல்லாத் தண்ணீரும் சட்டத்துக்குள்தான். கறுப்பு வண்டலாக வந்து முடிந்தபின் மீண்டும் ஒரு லீற்றர் ஊற்றி உறுதிப்படுத்துங்கள். அதோடு சட்டத்தின் அடிவிளிம்பிலுள்ள சிறு வடிகால் வாய்களையும் பிளாஸ்ரிக் குச்சியால் திறந்துவிடுங்கள். கண்டபடி ஜக் வைத்து நசுங்கிய விளிம்பில் இவை மூடிப்போயிருக்கும்.

இனிப் பூச்சு. ஒன்ராறியோவில் குறோன், றஸ்ற் செக் போன்றவை அடிக்கும், காயாமல் ஊரும் எண்ணெய்தான் பழைய காருக்கு ஏற்றது. அது இடுக்குக்குள் ஊர்ந்து, இருக்கும் கறளையும் நனைத்துக் காற்றிலிருந்து பிரிக்கும். வீட்டில் செய்பவர்கள் ஆட்டு ரோம மெழுகு கலந்த தெளிப்பானைப் பாவிக்கலாம். அடியில் மட்டும் அடித்தால் பாதி வேலைதான். பெட்டிச்சட்டத்தின் உள்ளே, கதவுகளின் உள்ளே, டிக்கி விளிம்பில், பின் வளைவின் உள்மடிப்பில் போகவேண்டும். 1999 தொடக்கம் 2005வரையான மியாற்றாக்களில் முன்பக்கத்து நீளச்சட்டங்கள் இரட்டைத் தகடு. அவை இடையிலிருந்து உக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அந்த வயதுக் கார் வைத்திருப்பவர்கள் நீண்ட குழாய் முனையால் அங்கே முதலில் அடிக்கச் சொல்லுங்கள். பிறேக் தட்டு, பாட், புகைபோக்கி, றப்பர் புஷ் ஆகியவற்றில் எண்ணெய் படக்கூடாது. செப்ரெம்பர், ஒக்ரோபரில், அடியைக் கழுவி இரண்டு நாள் காயவிட்டு அடித்தால் முதல் உப்பு விழ முன்னர் ஊறிவிடும். ஒவ்வொரு வருடமும் அடிக்கவேண்டும்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரண உப்பு −10 பாகையை அண்டியதும் வலுவிழக்கும் என்பதால் கல்சியம் குளோரைட், மக்னீசியம் குளோரைட் கலந்த நீரையும் தெளிக்கிறார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்வதால், தெரு காய்ந்த நாளிலும் காரின் அடி ஈரமாகவே இருக்கும். குளிரில் கறளின் வேகம் குறைவு, சூடு கூடக் கூட வேகம் கூடும். ஆகவே உப்பு படிந்த காரைக் கழுவாமல் சூடான கராஜில் விடுவது தெருவில் விடுவதைவிடக் கேடு. வெப்பநிலை பூச்சியத்துக்கு மேலே ஏறும் நாளில் அடியைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள்.

பிறேக் குழாய்களையும் பாருங்கள். இருபது வருடத்துக்கு மேற்பட்ட உருக்குக் குழாயில் செதில் செதிலாகக் கறள் இருந்தால் மாற்றுங்கள். செப்பு-நிக்கல் கலப்புக் குழாய் உக்காது, வளைக்கவும் எளிது. பின்சில்லைத் தாங்கும் கீழ்க்கைகளின் நீண்ட போல்ற்றுகள் புஷ்ஷோடு ஒட்டிக்கொள்வது மியாற்றாவின் நிரந்தரத் தலைவலி. இப்போதே கழற்றிக் கிறீஸ் பூசிப் போட்டால் அடுத்த முறை சில்லு நேர்செய்யும்போது வெட்டி எடுக்கவேண்டி வராது.

எட்மன்ரன் வாசகர்: இங்கே −30 சாதாரணம். 1999 மியாற்றா காலையில் கிளம்புமா? ஒயில், பற்றறி, கூலன்ற் எதை மாற்றவேண்டும்?

மூன்றையும் பாருங்கள், ஒயிலிலிருந்து தொடங்கலாம். ஒயிலின் பெயரில் டபிள்யூவுக்கு முன்னால் நிற்கும் எண்தான் குளிர்ப் பக்கம். எஞ்சினைச் சுற்றும் சோதனை 10டபிள்யூ ஒயிலுக்கு −25 பாகையிலும், 5டபிள்யூவுக்கு −30இலும், 0டபிள்யூவுக்கு −35இலும் நடக்கிறது. ரொறன்ரோவில் 5டபிள்யூ-30 போதும். உங்களுக்கு 0டபிள்யூ-30 சிந்தெற்றிக், பில்ரரோடு சுமார் நான்கு லீற்றர்.

எஞ்சின் சூடாக்கி 400 வாற் அளவில் இருந்தால், கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் முன்னர் ஓடினால் போதும். நேரம் வைக்கும் சொருகி வாங்கினால் இரவு முழுக்க மின்சாரம் எரியாது. வயரைப் புகைபோக்கிக்கும் விசிறிப் பட்டிக்கும் படாமல் கட்டுங்கள்.

மியாற்றாவின் பற்றறி டிக்கியில் இருக்கிறது. மூடிய இடம் என்பதால் வாயுவை வெளியே விடும் குழாய் பொருத்தக்கூடிய ஏஜிஎம் வகைதான் (அமிலம் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருப்பது) போடவேண்டும். சாதாரண அமிலப் பற்றறியை அங்கே வைத்தால் ஆவி டிக்கித் தகட்டை அரிக்கும், ஐதரசனும் தேங்கும். இரவு ஓய்வுக்குப் பின் 12.6 வோல்ற் இருந்தால் நிறைவு. 12.4 என்றால் ஏற்றுங்கள். சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் மாற்றுங்கள். −18 பாகையில் நல்ல பற்றறிக்கும் பாதியளவு பலமே இருக்கும். முழுக்க இறங்கிய பற்றறி சுமார் −7இலேயே உறைந்து பிளக்கும். டிக்கியிலிருந்து ஸ்ராற்றர்வரை நீளமான வயர் ஓடுவதால், அதன் இரு முனைகளையும், கார் உடலோடு இணைக்கும் நில இணைப்பையும் கழற்றித் தேய்த்துப் பூட்டினால் சுற்றும் வேகம் கூடுவது காதிலேயே தெரியும்.

கூலன்ற் பாதிக்குப் பாதி என்றால் −37 பாகைவரை தாங்கும். 60 வீதம் என்றால் −50ஐ அண்டிவிடும். கூடப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைத்துத் தனிக் கிளைக்கோல் ஊற்றுவோர் உண்டு. அது தனியே சுமார் −12இலேயே உறையும். சூட்டை ஏந்திச் செல்வதிலும் தண்ணீரைவிடக் குறைவு. உங்கள் காரில் மொத்தம் ஆறு லீற்றர். இப்போது சரியாகப் பாதிக்குப் பாதி என்றால், 1.2 லீற்றரை வடித்துவிட்டு அதே அளவு கலக்காத கூலன்ற் ஊற்றினால் 60 வீதம் வரும். ஒளிமுறிவுமானியால் அளந்து உறுதிசெய்யுங்கள். மிதக்கும் குண்டு உள்ள மலிவு அளவி நம்பத்தகாதது. ஓடி இருபது நிமிடத்துக்குப் பின்னும் ஹீற்றர் சூடாகாவிட்டால் தெர்மோஸ்ரற் திறந்தபடி நிற்கிறது, மாற்றுங்கள்.

கிளச்சின் கீழ்ச் சிலிண்டரையும் பாருங்கள். றப்பர் உறையைச் சற்று விலக்கினால் உள்ளே ஈரம் தெரியும். ஈரம் இருந்தால் முதல் கடுங்குளிரில் பெடல் தரைக்குப் போகும். மேல், கீழ் இரண்டு சிலிண்டரையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஒன்றை மட்டும் புதுப்பித்தால் மற்றது விரைவில் விடும்.

ஒட்டாவா வாசகர்: 1992 மியாற்றாவின் எழும்பும் விளக்குகள் உறைபனி மழையில் ஒட்டிக்கொள்கின்றன. மோட்டர் போய்விடுமா?

போகலாம். பனிக்கட்டி மூடியைப் பிடித்திருக்கும்போது மோட்டர் இழுத்தால் உள்ளே பல்லுச் சில்லு தேயும். உறைபனி மழை அறிவித்த இரவில், விளக்கு எரியாமலே உயர்த்தும் பொத்தானை அழுத்தி, எழும்பிய நிலையிலேயே காரை விடுங்கள். ஒட்டிவிட்டால் கத்தியால் நெம்பவேண்டாம், கண்ணாடிக்கான பனிக்கரைப்பானை விளிம்பெங்கும் தெளித்துக் காத்திருங்கள். மோட்டர் நின்றுபோனால் பொனற்றைத் திறந்து, அதற்குரிய பியூஸை எடுத்துவிட்டு, மோட்டரின் தலையிலுள்ள றப்பர் மூடியைக் கழற்றிக் குமிழைக் கையால் திருப்பினால் விளக்கு மெல்ல எழும்பும். பியூஸை எடுக்காமல் கை வைக்காதீர்கள். விளக்கில் ஹலஜன் குமிழே இருக்கட்டும். எல்ஈடி கண்ணாடியைச் சூடாக்காது, பனி அப்படியே அப்பிக்கொண்டு நிற்கும்.

உங்கள் காரின் கூரையில் பின்கண்ணாடி பிளாஸ்ரிக். குளிரில் மடித்தால் வெடிக்கும். மாரி முழுக்க மேலேயே இருக்கட்டும், பனியை மென்தூரிகையால் மட்டும் தள்ளுங்கள். கதவு றப்பருக்குச் சிலிக்கோன் கிறீஸ் பூசினால் ஜன்னல் கண்ணாடி அதோடு உறைந்து ஒட்டாது.

மொன்றியல் வாசகர்: 1997 பிஎம்டபிள்யூ 328, இரண்டு கதவு. கியூபெக் சட்டமும், இந்தக் காருக்குத் தனியாகக் கவனிக்கவேண்டியவையும்?

டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15வரை மலைச்சின்னம் பொறித்த ரயர் அல்லது ஆணி ரயர் கட்டாயம். மீறினால் 200 முதல் 300 டொலர் தண்டம். ஆணி ரயர் போட்டுக்கொண்டு தென் ஒன்ராறியோவுக்கு வராதீர்கள், அங்கே அதற்கு அனுமதியில்லை.

205/60ஆர்15 போடுங்கள். விட்டம் 627 மில்லிமீற்றர், உங்கள் 225/50ஆர்16இன் 631க்கு ஒப்பானது. ஓட்டை 5×120, நடுத்துளை 72.6. இதில் நட் இல்லை, போல்ற் வரும். எம்12×1.5, 100 நியூட்டன்மீற்றர். இரும்பு றிம்முக்கும் அலுமினிய றிம்முக்கும் போல்ற்றின் நீளம் வேறாக இருக்கலாம். நீளம் கூடினால் உள்ளே பிறேக்கில் முட்டும், குறைந்தால் போதிய புரி பிடிக்காது. ஆறரை முழுச் சுற்றாவது ஏறவேண்டும்.

உங்கள் கார் சேர்ந்த ஈ36 வகைக்கு மாரியில் பயம் கூலன்ற் பக்கம்தான். றேடியேற்றரின் பிளாஸ்ரிக் கழுத்து வயதானால் இலேசாகத் தொட்டாலே முறியும். தண்ணீர்ப் பம்பின் பிளாஸ்ரிக் இறகும் உடையும். இரண்டும் எப்போது மாற்றப்பட்டன என்பது தெரியாவிட்டால் இப்போதே மாற்றுங்கள். −25இல் நெடுஞ்சாலையோரம் ஹீற்றரும் எஞ்சினும் இல்லாமல் நிற்பது விளையாட்டல்ல. ஜக் வைக்கும் மேடைகளைச் சுற்றிக் கறளையும், கூரைக்கதவின் வடிகால்களையும் பாருங்கள். பனியில் சிக்கி முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும்போது மட்டும் வழுக்குத் தடுப்பை அணைக்கவேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் பலத்தை அதுவே வெட்டிவிடும்.

ஓஷாவா வாசகர்: 1995 மியாற்றா, ரோர்சன் டிஃபரன்சியல் (எஞ்சின் பலத்தை இரு பின்சில்லுக்கும் பிரிக்கும் பல்லுச் சில்லுப் பெட்டி) இருக்கிறது. இருந்தும் பனிக்கட்டியில் ஒரு சில்லு மட்டும் சுற்றுகிறது. பழுதா? ஓட்டும் முறையிலும் ஏதாவது?

பழுதில்லை. ரோர்சன் ஒரு சில்லிலுள்ள பிடியைப் பெருக்கித்தான் மற்றதற்குக் கொடுக்கும். ஒரு பக்கம் பிடியே இல்லாவிட்டால் பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. அப்படி நின்றுவிட்டால் ஹாண்ட்பிறேக்கை இரண்டு மூன்று பல் இழுத்துக்கொண்டு மெல்லக் கிளச்சை விடுங்கள். சுற்றும் சில்லுக்கு ஒரு தடை கிடைத்ததும் மற்றது தள்ளத் தொடங்கும். கிளம்பியதும் இறக்கிவிடுங்கள். 1990–93 கார்களிலுள்ள, தடித்த திரவத்தால் பிடிக்கும் விஸ்கஸ் வகை இந்த வயதில் பெரும்பாலும் தளர்ந்துபோயிருக்கும், அதனிடம் அதிகம் எதிர்பார்க்கமுடியாது.

இரண்டாம் கியரில் கிளம்பிப் பழகுங்கள். வழுக்கும் தெருவில் திடீரென்று கீழ்க்கியருக்கு வந்து கிளச்சை விட்டால், எஞ்சின் பின்சில்லுகளைப் பிடித்து நிறுத்தும். அது பின் பிறேக்கை மட்டும் மிதித்ததற்குச் சமம், கார் சுழலும். கியரை இறக்கும்போது எஞ்சினின் வேகத்தைச் சற்றுக் கூட்டிக் கிளச்சை விடுங்கள், அல்லது கிளச்சை அமத்தியபடியே பிறேக்கால் நில்லுங்கள். பின்பக்கம் வழுக்கினால் கிளச்சை அமத்தி, போகவேண்டிய பக்கம் பார்த்து ஸ்ரியரிங்கைத் திருப்புங்கள். மியாற்றாவின் ஸ்ரியரிங் வேகமானது, பெரும்பாலானவர்கள் தேவைக்கு மேல் திருப்பி மறுபக்கம் சுழலவிடுகிறார்கள். ஏபிஎஸ் இல்லாவிட்டால் சில்லு பூட்டியதும் பெடலை விட்டு மறுபடி மிதிக்கவேண்டும். பூட்டிய முன்சில்லு திரும்பாது.

காருக்கும் நிலத்துக்கும் இடையில் ஒரு சாணில் பாதிதான் இடைவெளி. பனிதள்ளும் வண்டி உங்கள் வீட்டு வாசலில் குவித்துவிட்டுப் போகும் வரம்பில் வேகமாக ஏறினால் கார் வயிற்றில் இருந்துவிடும், நான்கு சில்லும் ஆகாயத்தில். சவலால் வெட்டிவிட்டு எடுங்கள்.

இரவில் நிறுத்தும்போது ஹாண்ட்பிறேக் இழுக்கவேண்டாம். ஈரத்தில் ஓடிய கேபிளும் பாட்டும் உறைந்து பிடித்துக்கொள்ளும். சமதரையில் முதல் கியரில் விடுங்கள். பின் கலிப்பரின் வழுக்குத் தண்டுகளை மாரிக்கு முன்னர் கழற்றி, சிலிக்கோன் கிறீஸ் பூசுங்கள். காலையில் இரண்டாம் கியர் ஏற மறுப்பதும் இந்தக் கியர் பெட்டியின் இயல்பு. 75டபிள்யூ-90 ஜிஎல்-4 சிந்தெற்றிக் ஒயில் இரண்டு லீற்றர் மாற்றினால் பெரிதும் குறையும். பித்தளை வளையங்களை அரிக்கக்கூடிய பழைய ஜிஎல்-5 ஒயில்களை டிஃபரன்சியலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிசிசாகா வாசகர்: என்னுடையது கறளே படாத 1991. ஓட்ட மனமில்லை. நிறுத்திவைப்பதென்றால்?

நல்ல முடிவு. கறள் படாத 1991 ஒன்றை ஒன்ராறியோ உப்பில் இறக்குவதை நாங்களும் விரும்பமாட்டோம். ஒயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள், பழைய ஒயிலிலுள்ள அமிலம் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு கிடக்கக்கூடாது. தாங்கியைப் பெற்றோலால் நிரப்பி, பதன்கெடாமல் காக்கும் கலவையை ஊற்றி, பத்து நிமிடமாவது ஓடவிடுங்கள், அப்போதுதான் அது குழாய்களுக்குள்ளும் போகும். ரயரில் ஐந்து பிஎஸ்ஐ கூட்டி, ஹாண்ட்பிறேக் இறக்கி, சில்லுக்குக் கட்டை வையுங்கள். பற்றறியை ஏஜிஎம்முக்கு உகந்த பராமரிப்பு மின்னேற்றியில் போடுங்கள். காப்புறுதியை முழுக்க நிறுத்தாமல், ஓபிசிஎஃப் 16 என்ற இணைப்பால் ஓட்டப் பகுதியை மட்டும் இடைநிறுத்தினால் தீ, களவுக்கான பாதுகாப்பு நீடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். சூடேறாத எஞ்சின் ஒயிலிலும் சைலன்சரிலும் தண்ணீரைத்தான் சேர்க்கும். ஏப்ரலில் நல்ல மழை பெய்து தெருவிலுள்ள உப்பைக் கழுவிய பிறகு எடுத்து ஓட்டுங்கள்.